தின்னாதவன் பங்கு

ரயில்வே குவார்ட்டர்ஸ், கெமாஸ்
3 மார்ச் 1952

மயிலம்மாளுக்கு ராக்கம்மா எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். உன் நலத்தை மூன்று நாள் உன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் பார்க்க வந்தது என் தம்பி அமிர்தலிங்கத்தை. நான் பார்த்தது வேறு யாரையோ. வாசலில் கால் வைத்ததிலிருந்து பேச்சு. கூரை ஒழுகுகிற பேச்சு, ரப்பர் மரத்தில் பட்டை அழுகுகிற பேச்சு, இரண்டு ஆள் வெட்டுகிற மரத்தைத் தான் ஒருவனே வெட்டிவிடுவதாகப் பேச்சு. நடுவில் ஒரு மூச்சு விட்டானா? பால்வெட்டுக் கத்தியைத் தீட்டினான், தீட்டிய கத்தியையே மறுபடியும் தீட்டினான். கண் இரண்டும் பந்தம் மாதிரி. தட்டில் சோற்றை வைத்தால் விரலால் அதில் கோடு போட்டானே தவிர வாய்க்குப் போகவில்லை. கழுத்து எலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "மாத்திரை போட்டா அவருக்குப் பசிக்காது அண்ணி." வண்ணான் இன்றைக்கு வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாய். கட்டின புருஷன் சோறு தின்னவில்லை என்பதை ஒரு பெண்பிள்ளை அப்படியா சொல்வாள்?

அந்த வெள்ளை மாத்திரையைப் பற்றித் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரிடமும் கேட்டேன். "மனசு ரொம்பச் சோந்து போனவங்களுக்குக் குடுக்கிறது லா, பயப்படாதீங்க" என்று சிரித்தார். இங்கே என் வீட்டுக்காரர் வேறு சொல்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் சிப்பாய்கள் ராத்திரி பகல் தூங்காமல் இருக்க ஏதோ மாத்திரை போட்டுக்கொள்வார்களாம். அதைத் தின்றவன் முகத்தை ஸ்டேஷனில் பார்த்தால் இவர் ஒதுங்கிப் போவாராம். என் தம்பி என்ன சண்டைக்கா போகிறான்? ரப்பர் மரம் வெட்டுகிறவனுக்கு எதற்கடி சிப்பாய் மாத்திரை?

தோட்டத்துக் கேட்டில் நான் கத்தியது தப்பு என்று உன் பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சோதனைக்காரி என் மூட்டையை அவிழ்த்தாள், மடியைத் தடவினாள், கொண்டையிலும் கையை விட்டாள். "என் கொண்டையில என்னாடி தேடுற? உள்ள ஒரு ஆம்பள சோறே திங்காம கெடக்குறான். அவன் பங்கு அரிசியெல்லாம் எங்க போவுது? அத போய்க் கேளு!" என்றேன். உன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். விழுந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்து. அவனை இங்கே அனுப்பு. என் மகள் பஞ்சாலையைக் கட்டியிருந்தால் அவன் சோற்றில் உயிர் வாழ்ந்திருப்பான், மாத்திரையில் அல்ல.

ராக்கம்மா


புக்கிட் தம்பான் தோட்டம், பகாவ்
11 மார்ச் 1952

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூன்று நாள் பார்த்ததை எழுதினீர்கள். அதற்கு முன் ஐந்து மாதம் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் உங்கள் தம்பி ஒருநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பலகைச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, நான் பேசினால் நான் அங்கே இல்லாதது போல இருந்தார். லயத்து வீடுகளை முள்வேலிக்குள் அடைத்ததால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். வேலி எல்லோருக்கும்தான் போட்டார்கள், எல்லோருமா படுத்தார்கள்? காரணம் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

வேலைக்கு ஆள் விரட்டுகிற வைரவன் மண்டோர் வாசலில் நின்று கத்துவார். "ஏன்டா, நீ என்னா மாப்பிள்ளையா? தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு பெரட்டுக்குக் கூப்புடணுமா?" லயமே சிரிக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடைசியில் பேரை வெட்டுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பேர் போனால் வீடு போகும். பேராக்கில் இருக்கும் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றும் ஆபீஸ் கிராணி சொன்னார்.

அப்போது உங்களுக்குத்தான் முதலில் எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதில் நினைவிருக்கிறதா? ஒரு பொட்டலம் விபூதி, "சோம்பேறித்தனம், அடித்து எழுப்பு" என்று ஒரு வரி. விபூதியைப் பூசினேன். அடிக்க மனம் வரவில்லை.

மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வரும் டாக்டர்தான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். இது சோம்பல் இல்லை, மலேரியா போல இதுவும் ஒரு நோய், உடம்பில் வராமல் மனதில் வந்திருக்கிறது என்றார். ஆம்ஃபெட்டமின் என்று மாத்திரைக்குப் பெயர் சொன்னார். நான் விளங்காமல் நின்றதைப் பார்த்து, "மேட்டுல நின்னுபோன லாரிய ஆளுங்க தள்ளுறாங்க இல்லையா, இது அந்தக் கை மாதிரி. இன்ஜின் புடிச்சதும் கைய எடுத்துரணும்" என்றார். சில நாளில் உங்கள் தம்பி எழுந்து உட்கார்ந்து, சவரத்துக்கு வெந்நீர் கேட்டார். அண்ணி, வெந்நீர் கேட்டதற்கு ஒருத்தி அடுப்படியில் நின்று அழுவாள் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது.

பசிக்காது என்று டாக்டர் முன்பே எச்சரித்தார். நான் அதை உங்களிடம் சாதாரணமாகச் சொன்னதற்குக் காரணம், உங்கள் முன்னால் அழக்கூடாது என்பதுதான்.

அரிசிக்கு வருகிறேன். அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். டின்னை நீங்களே திறந்து பார்த்தீர்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து அம்மன் திருவிழாவுக்குச் சேர்ப்பது இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் தின்னாத பங்கையும் அதிலேயே போட்டேன். அரிசியைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

கெமாஸில் அரிசி வெறும் அரிசி. இங்கே அப்படியில்லை. காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறது என்றுதான் வேலியும் ரேஷனும் கொண்டையில் கைவிடுவதும். ரேஷனுக்கு மேல் வீட்டில் அரிசி இருப்பதே குற்றம். போன வருடம் மூன்றாவது லயத்தில் ஒருவரைச் சைக்கிள் பம்புக்குள் அரிசி இருந்ததென்று கொண்டுபோனார்கள், இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட கேட்டில் நின்று "அவன் பங்கு அரிசி எங்க போவுது" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். அன்றிலிருந்து போலீஸ்கார மாத்தா எங்கள் வாசலில் நின்று நின்று போகிறான்.

மாத்திரையை நிறுத்த மாட்டேன். அவரை அனுப்பவும் மாட்டேன்.

மயிலம்மாள்


கெமாஸ்
19 மார்ச் 1952

மயிலம்மாளுக்கு,

நன்றாகக் கதை சொல்கிறாய். லாரிக் கதையை என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அவர் ரயில் வண்டிகளைப் பார்க்கிறவர். "தள்ளிவுட்ட வண்டி எறக்கத்துல ஓடுனா யாரு நிப்பாட்டுறதாம்?" என்று கேட்டார். உன் டாக்டரிடம் கேட்டு எழுது.

நீ எழுதாததை நான் அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை போதாமல் மத்தியானம் டிரஸ்ஸர் வாசலில் நின்று இன்னொன்று கேட்கிறானாமே? கொடுக்காவிட்டால் சண்டை பிடிக்கிறானாமே? வைரவன் மண்டோரின் சட்டையைப் பிடித்தானாமே? இதெல்லாம் உன் நான்கு பக்கக் கடிதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கள்ளுக் கடையில் நிற்கிறவனும் முதலில் ஒரு கிளாஸ்தான் கேட்டான்.

என் தம்பி சின்ன வயதில் யாரிடமும் அதட்டிப் பேசியவன் இல்லை. தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?

மாத்தா நிற்கிறான் என்று என்னைப் பயமுறுத்தாதே. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? வாயிலிருந்து போன சொல்லை நான் திரும்ப அள்ளப் போவதில்லை. பங்குனி உத்திரத்துக்குள் அவன் இங்கே வரவில்லை என்றால் நானே வந்து கூட்டிப் போவேன்.

ராக்கம்மா


புக்கிட் தம்பான் தோட்டம்
2 ஏப்ரல் 1952

அண்ணிக்கு,

உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலைச் சோதனையில் எங்கள் வீட்டுக்கு நேராக வந்தார்கள். டின்னைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். நான் அம்மனுக்குச் சேர்த்தது என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அவர் அப்போதுதான் மாத்திரை போட்டிருந்தார். "என் அரிசி தொரை, நான் திங்காத அரிசி! நான் தின்னுருந்தா இது இருக்குமா? கணக்குப் போட்டுப் பாருங்க!" என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். துபாஷுக்கு அந்த வேகத்தில் மொழிபெயர்க்க முடியவில்லை. தங்களைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். ரேஷன் அட்டை அவர் பேரில் இருக்கிறது. விலங்கு போட்டு லாரியில் ஏற்றினார்கள். மாத்திரையையும் எடுத்துக்கொண்டார்கள், யாருக்கோ கொண்டுபோகிற மருந்து என்று.

இப்போது சிரம்பானில் வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பார்த்தேன். மாத்திரை இல்லாமல் ஒரு வாரம். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். முன்பிருந்ததைவிட மோசம். என்ன கேட்டாலும் பதில் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லாதவன் எதையோ மறைக்கிறான் என்கிறார் விசாரிக்கிற துரை. முதலில் அதிகம் பேசியதும் குற்றம், இப்போது பேசாததும் குற்றம்.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த மருந்து பசியைக் கெடுக்கும், அரிசி மிஞ்சியதற்கு அது காரணமாக இருக்கலாம் என்று. துரை அதைப் படித்தார். படித்துவிட்டு, இந்த ஆள் தின்னவில்லை என்று பார்த்த சாட்சி யார் என்று கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். பெண்சாதி சொல்வது செல்லாது என்றார். வள்ளியம்மா சொன்னாள், அக்கம்பக்கத்தார் சொல்வதும் செல்லாது, எல்லோரும் ஒரே லயம். பிறகு கையிலிருந்த தாளைப் புரட்டி, கேட்டில் ஒரு பெண் கத்தினாளே, உங்களுக்கு ஆகாதவள், அவள் எங்கே என்றார்.

அவர்கள் நம்பக்கூடிய ஒரே ஆள் நீங்கள். எனக்கு வேண்டாதவர் என்பதால் நம்புவார்கள். உங்கள் வாயால்தான் போனார், உங்கள் வாயால்தான் வர வேண்டும். தாமதித்தால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் போவார்?

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: ஆம், இரண்டாவது மாத்திரை கேட்டார். டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஒரேயடியாக நிறுத்திவிடுவார், இவர் மறுபடி படுத்துவிடுவார், பேர் போய்விடும் என்று பயந்தேன். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டுங்கள். ஆனால் சிரம்பானுக்கு வந்து திட்டுங்கள்.

மயிலம்மாள்


கெமாஸ்
6 ஏப்ரல் 1952

மயிலம்மாளுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து இந்த வீட்டில் உலை வைக்கவில்லை.

நீ எழுதுகிற அழகைப் பார்த்தால் நான்தான் விலங்கு மாட்டினேன் போலிருக்கிறது. டின்னில் அரிசியைச் சேர்த்தவள் நீ. இரண்டாவது மாத்திரையை மறைத்தவள் நீ. நான் வாய்விட்டுக் கேட்டேன், அவ்வளவுதான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் சண்டை போட்டால் ஊரில் சிரிப்பார்கள். வேலிக்குள் விலங்கு மாட்டுவார்கள் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

நான் வந்து சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? தெரிந்துகொண்டே ஏன் அப்படிக் கத்தினாய் என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் அரசாங்க ரயில்வேயில் இருக்கிறார். அவர் பேர் ஒரு தாளில் ஏறினால் இந்தக் குவார்ட்டர்ஸும் போய்விடும். அவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பஞ்சாலைதான், "மாமாவக் கப்பல்ல ஏத்துனா நீ அந்தக் கொவாட்டர்ஸ்ல எப்படிம்மா தூங்குவ?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பாஸ் கிடைக்கும் என்கிறார்கள். வருகிறேன் என்று நான் எழுதவில்லை. நீயாக அப்படி நினைத்துக்கொள்ளாதே.

ராக்கம்மா


புக்கிட் தம்பான் தோட்டம்
16 ஏப்ரல் 1952

அண்ணிக்கு,

விசாரணை அறை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கம் நீங்கள் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது, உள்ளே நீங்கள் பேசியது எனக்குக் கேட்டது.

இந்தப் பெண்ணை உனக்குப் பிடிக்காதா என்று துரை துபாஷ் மூலம் கேட்டார். "சுத்தமா புடிக்காது தொரை. இவ மூஞ்சிய பாத்தாலே எனக்குச் சோறு எறங்காது. அதுக்காக செய்யாதத செஞ்சான்னு சொல்ல முடியுமா? என் தம்பி திங்கல. தட்டுல வெரலால கோடு போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தான். நான் எதிர்லயே இருந்து பாத்தேன். அரிசி டின்னுல இருந்ததையும் பாத்தேன். தெரிஞ்சுதான் கத்துனேன், அவளுக்கு உறைக்கணும்னு" என்றீர்கள். துபாஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். நீங்கள் என்னைப் பிடிக்காது என்று சொன்ன விதத்தில்தான் மற்றதையும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை தன் கூட்டாளிக்குப் பரிந்து பேசினால் வாத்தியார் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அடித்துக்கொள்கிற பிள்ளை சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்.

விட்டுவிட்டார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு அவர் இந்தத் தோட்டத்துக்குள் வரக்கூடாது, ஜாமீன் போட்ட உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் தம்பி உங்கள் வீட்டில்.

நான் வர முடியாது. நான் பெரட்டில் நின்றால்தான் இந்த வீடு எங்கள் பேரில் இருக்கும். அவர் திரும்பி வர ஒரு வீடு வேண்டும்.

டாக்டரிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினார். நிறுத்தவில்லை, குறைத்தார். இனி அரை மாத்திரைதான், காலையில் மட்டும். முதலில் கஞ்சி குடிக்க வேண்டும், குடித்து முடித்த பிறகுதான் மாத்திரை. மத்தியானத்துக்கு மேல் கொடுத்தால் தூக்கம் போய்விடும். அவர் கேட்பார், கொடுக்கக்கூடாது. கெமாஸ் ஆஸ்பத்திரிக்கு டாக்டரே எழுதியிருக்கிறார், மருந்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம். பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்க நீங்கள் நினைத்தால் தடுக்க மாட்டேன். ஆனால் கஞ்சிக்கும் மாத்திரைக்கும் பிறகு அடியுங்கள்.

மயிலம்மாள்


கெமாஸ்
5 மே 1952

மயிலம்மாளுக்கு,

நீ எழுதியபடி நான் செய்யவில்லை. எழுதியது நீ என்பதால் செய்யவில்லை.

மாத்திரையை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, என் தம்பிக்கு என் கையால் சமைத்தேன். சின்னதில் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த மரவள்ளி. அக்கா கைச் சோறு தின்றால் எழுந்துவிடுவான் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியிருந்தேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஊட்டினேன், வாயில் வைத்ததை வைத்தபடியே இருந்தான். பூசாரி வந்தார், அடித்தார், போனார். "அக்கா வந்திருக்கேன்டா, திரும்பிப் பாருடா" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சியதை அவன் கேட்டான், எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் திரும்ப முடியவில்லை அவனால். திரும்ப மாட்டேன் என்பதும் திரும்ப முடியவில்லை என்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடனே உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

அடுத்த நாள் காலையில் கஞ்சி கொடுத்து அரை மாத்திரை கொடுத்தேன். அதற்கடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் எழுந்து உட்கார்ந்தான். கிணற்றடிக்குத் தானாகப் போனான். அவன் எழுந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கைச் சோற்றுக்கு எழாதவன் இத்துனூண்டு மாத்திரைக்கு எழுந்தானே என்று எரிச்சல்தான் வந்தது.

இப்போது வேறு சங்கதி. மத்தியானம் ஆனால் மற்றப் பாதியைக் கேட்கிறான். "அக்கா, நெஞ்சு அடைக்குதுக்கா, அந்தப் பாதியக் குடேன்" என்று குழந்தை மாதிரிப் பின்னாலேயே வருகிறான். நான் கொடுத்துவிட்டேன். ஒருநாள் அல்ல. என்னை முறைக்காதே. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, எனக்கு அது வராது. கொடுத்த நாளெல்லாம் மறுபடி அந்தப் பந்தம் மாதிரிக் கண், அந்த ஓயாத பேச்சு. சோற்றில் மறுபடி கோடு போடுகிறான்.

இல்லை என்று சொல்ல உனக்கு வரும். எனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

வா. பேரை வெட்டினால் வெட்டட்டும். இங்கே பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். உன்மேல் பாசம் வந்து கூப்பிடுகிறேன் என்று எண்ணாதே. என் வீட்டில் இருப்பது ஒரே அறை. நீ படுக்கப் பாய் நீயே கொண்டு வா.

ராக்கம்மா


புக்கிட் தம்பான் தோட்டம்
10 மே 1952

அண்ணிக்கு,

இன்று பெரட்டில் என் பேரை வெட்டிவிட்டார்கள். நான்தான் வெட்டச் சொன்னேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள வள்ளியம்மா இருக்கிறாள் என்று எழுத ஆசை, ஆனால் நாளையே வேறு குடும்பம் வந்துவிடும்.

புதன்கிழமை வண்டியில் வருகிறேன். பாய் கொண்டு வருகிறேன்.

அதுவரை மாத்திரையை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடம் வேண்டாம். அண்ணன் வேலைக்குப் போகும்போது ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். மத்தியானம் அவர் கெஞ்சுவார். கெஞ்சட்டும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுங்கள். அழ வேண்டுமென்றால் அங்கேயே அழுதுவிடுங்கள், நான் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

மயிலம்மாள்